ஆவன

மன்றத்தின் இடது மூலையில்
ஏ.சி.க்கு நேர் கீழே என் மேசை.
ஒப்பந்தத் தட்டச்சர்.
இங்கே எனக்குப் பேச்சு கிடையாது,
பத்து விரல்கள் உண்டு.

நேற்றிரவு இரண்டு நாற்பதுக்குத்
தெருக்குழாய் இருமியது.
ஐந்து நாள் கழித்து வந்த தண்ணீர்.
ஆறு குடம் நிறைய ஒரு மணி நேரம்.
வில்லாபுரத்தில் எங்கள் சந்து முழுக்க
இன்று கண்கள் இப்படித்தான் சிவந்திருக்கும்.

கேள்வி நேரம்.
இருளாயி எழுந்தார்.
மாட்டுத்தாவணியில் கத்தரிக்காய் நிறுத்தவர்;
எடைக்கல் வைப்பதுபோல
ஒவ்வொரு சொல்லாக வைத்தார்.
"எங்க வார்டுக்கு எத்தன நாளைக்கு ஒருக்க தண்ணி விடுறீக?
எத்தன மணிக்கு?
அந்த மணிக்கு நீங்க முழிச்சிருக்கீகளா?"

சிரிப்பு, மேசை தட்டல்:
அதை அடைப்புக்குறிக்குள் போட்டேன்.

பொறியாளர் கோப்பைத் திறந்தார்.
ஒரு நாள் விட்டு ஒரு நாள்
சீராக வழங்கப்பட்டு வருகிறது.
என் விரல்கள் அதை அடித்தன.
'சீராக'வில் வல்லின றகரம் விழுந்துவிட்டது,
ராத்திரி குழாய் சீறிய சத்தம்
இன்னும் காதில் இருந்ததாலோ என்னவோ.
திருத்தினேன்.

"சரி, குழாய் பதிக்கத் தோண்டுன குழி?"
அது வாரியத்தின் பணி.
"வாரியத்தக் கேட்டா?"
நிதி அரசிடமிருந்து வர வேண்டும்.
"அரசாங்கத்தக் கேட்டா?"
மாநகராட்சிதான் முன்மொழிய வேண்டும்.
"மாநகராட்சின்னா யாருய்யா?"
இந்த மன்றம்தானம்மா, என்றார் பொறியாளர்,
கொஞ்சம் தணிந்த குரலில்.

இருளாயி திரும்பித் தன் நாற்காலியைப் பார்த்தார்,
அதில் ஏற்கெனவே யாரோ
உட்கார்ந்திருப்பதைப் போல.

பிறகு ஒரே சொல்: "எப்ப?"

ஏ.சி.யிலிருந்து ஒரு சொட்டு
என் மணிக்கட்டில் விழுந்தது.
இன்னொன்று.
இன்னொன்று.
அந்தக் கூடத்தில் அதுதான்
சீராக வழங்கப்பட்டு வந்தது.

'பதில் இல்லை' என்று அடித்தேன்.

சாயங்காலம் கண்காணிப்பாளர் தெய்வேந்திரன்
சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு
மேலே எழுதினார்: ஆவன செய்யப்படும்.
இருபத்தெட்டு வருட சர்வீஸ், கை நடுங்கவில்லை.
"அந்தம்மா கடைசில என்ன செஞ்சாங்க, வெளிநடப்பா?"
இல்ல சார். உட்கார்ந்திருந்தாங்க.
கூட்டம் முடிஞ்சு
லைட்ட அணைக்கிற வரைக்கும்.
"அதுக்கு வார்த்தை கிடையாது. விடு."

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும்
தூக்கம் வரவில்லை.
ஆவன. எவை?
செய்யப்படும். யாரால்?
பத்தாம் வகுப்பில் மார்க் வாங்கித் தந்த இலக்கணம்:
வெளியே தெரியாவிட்டால்
அது தோன்றா எழுவாய்.
எங்காவது இருக்கும்,
நாமாகத்தான் வருவித்துக்கொள்ள வேண்டும்.
தெற்குவாசலில் இறங்குகிறவர்கள் முழங்கையால் இடித்தார்கள்.
எங்கள் தெருமுனைக் குழியைச் சுற்றி
யாரோ வேப்பங்கொப்பு நட்டிருந்தார்கள்,
இருட்டில் விழாமலிருக்க.

அடுத்த மாதக் கூட்டம்.
பொருள் எண் ஒன்று:
சென்ற கூட்ட நடவடிக்கைகள் உறுதி செய்யப்படுகின்றன.
வழக்கமாக அதற்கு ஐந்து நொடி,
ஒருவர் தும்முவதற்குள் முடிந்துவிடும்.

இருளாயி கண்ணாடியை மாட்டினார்.
தாளில் விரல் வைத்து
எழுத்துக் கூட்டிப் படித்தார்.
"ஆ, வ, ன.
இத இங்க யாரும் சொல்லலையே.
நான் கேட்டது இருக்கு,
இவுக சும்மா இருந்தது எங்க?"
உறுப்பினர் அமரவும் என்றது மைக்.
"உக்காருறேன். உக்காரத் தெரியும் எனக்கு.
எழுதுனது யாரு, அத மட்டும் சொல்லுங்க."

தலைகள் இடது மூலைக்குத் திரும்பின.
முதல் வரிசை, இரண்டாம் வரிசை,
கடைசியாகத் தெய்வேந்திரன்.
ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது.
மகளுக்கு வேன் கட்டணம் பாக்கி.
விரல்கள் நின்றுவிட்டன.

ஒரு சொட்டு விழுந்தது.

ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம்
கூடம் முழுக்கக் கேட்டது.
யாருடையது என்று
நானும்தான் திரும்பிப் பார்த்தேன்.